திவாலானவன் வீட்டு மொய்

2005 நவம்பரில் ஒரு திங்கட்கிழமை தபால்காரர் அந்தச் சந்தில் மட்டும் ஏழு பேரிடம் கையெழுத்து வாங்கினார். ஏழும் மஞ்சள் தாள். ஏழும் ரெடிமேட் கடை சபாபதி அனுப்பியவை. சிதம்பரத்தில் மஞ்சள் கடுதாசி என்றால் எழுத்துத் தெரியாதவருக்கும் அர்த்தம் தெரியும். கடன் வாங்கியவன் கோர்ட்டில் திவால் மனு போட்டுவிட்டான், கொடுத்தவன் தலையில் துண்டைப் போட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

நூல் கடை கலியமூர்த்திக்கு ஒரு லட்சத்து இருபதாயிரம் வர வேண்டும். அவர் கடுதாசியைப் பிரித்தார். நிறத்தைப் பார்த்தார். படிக்காமலே நாலாக மடித்துச் சாமி படத்துக்குப் பின்னால் செருகினார். அன்று கடையைச் சீக்கிரம் சாத்திவிட்டார். மற்றவர்களும் ஏறக்குறைய அதையே செய்தார்கள். ஏமாந்தவன் என்று வெளியே தெரிவது ஏமாந்ததைவிடப் பெரிய கேவலம் அந்தச் சந்தில்.

மலர்க்கொடி மட்டும் படித்தாள். பட்டன் துளைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்த சட்டையை மடியில் போட்டுக்கொண்டு, வக்கீல் விலாசம் வரை படித்தாள். கடைசிப் பத்தியில் தேதி, நேரம், இடம் எல்லாம் போட்டிருந்தது. ஆட்சேபணை இருந்தால் நேரில் வந்து சொல்லலாம் என்று இருந்தது.

"மாமா, இதுல நம்பளக் கூப்டிருக்காங்க," என்றாள் புருஷனிடம்.

கதிர்வேல் தனியார் பஸ்களுக்கு டைம் கீப்பர். பஸ் ஸ்டாண்டில் நாள் முழுக்க இரண்டு நிமிஷத்துக்காக டிரைவர்களோடு கட்டிப் புரளுகிற மனிதர். அவர் கொட்டாவி விட்டார். "வுடு. போனது போச்சு. கோர்ட்டு வாசல் மிதிச்சா இன்னும் நாலாயிரம் போவும்." மலர்க்கொடிக்கு வர வேண்டிய அறுபத்தோராயிரம் ரூபாய் அந்தக் கொட்டாவியோடு போய்விட்டது, அவரைப் பொறுத்தவரை.

அந்தப் பாக்கி சேர்ந்த கதை இது. மலர்க்கொடிக்குப் புவனகிரி. பத்தாவது பெயில். மாதர் சங்கத்தில் ஆறு மாதம் தையல் படித்து, கல்யாணமாகிச் சிதம்பரம் வந்ததும் கொலுசை விற்று மிஷின் வாங்கினாள். 2004 வாக்கில் அவளிடம் மூன்று மிஷின்களும், கூலிக்குத் தைக்க இரண்டு பெண்களும் இருந்தார்கள். சபாபதியின் ரெடிமேட் கடைக்குத் தைத்துக் கொடுத்து வந்தாள். அந்த டிசம்பர் சுனாமியில் கடல் கரையோர ஊர்களுக்குள் வந்தது. அடுத்த ஆண்டு ஏதோ ஒரு தர்ம ஸ்தாபனம் கடலோரக் கிராமத்துப் பிள்ளைகளுக்கு யூனிபார்ம் தைக்கச் சபாபதிக்கு ஆர்டர் கொடுத்தது. ஆயிரத்து எண்ணூற்று எழுபது செட். செட்டுக்கு நாற்பது ரூபாய் கூலி என்று மலர்க்கொடியிடம் பேசினான். ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூலை வரை மூன்று மிஷினும் ஓய்வில்லாமல் ஓடின. ஸ்தாபனம் சபாபதிக்கு முழுப் பணத்தையும் கொடுத்தது. சபாபதி மலர்க்கொடிக்குப் பதின்மூவாயிரத்து ஐநூற்று அறுபது கொடுத்தான். மீதிக்கு நாளைக்கு, நாளன்னைக்கு. கூட இருந்த இரண்டு பெண்களுக்கும் அவள் சங்கிலியை அடகு வைத்துக் கூலி கொடுத்தாள். வட்டி ஏறிக்கொண்டிருந்தது. மீட்காவிட்டால் சங்கிலி ஏலத்துக்குப் போகும்.

கோர்ட்டுக்குப் போன நாளில் கழுத்தில் கிடந்த இஞ்ச் டேப்பைக் கழற்ற மறந்துவிட்டாள். சபாபதியின் மனுவில் நாற்பத்தொரு கடன்காரர்கள் பெயர் இருந்தது. வந்தவர்கள் மூன்று பேர். ஒரு பேங்க்கின் வக்கீல், சபாபதி கடையில் துணி வெட்டிக்கொண்டிருந்த கட்டிங் மாஸ்டர் பச்சமுத்து, மலர்க்கொடி. பேங்க்காரர்களுக்கு மானம் கிடையாது என்பது ஊரறிந்தது. பச்சமுத்துவுக்குப் பதினெட்டாயிரத்து ஐநூறு வர வேண்டும், வேறு வழி கிடையாது.

மனுவை வாசித்தார்கள். சொத்து என்று ஒரு சைக்கிள், ஒரு டேபிள் ஃபேன், ஒரு கைக்கடிகாரம், இரண்டு கத்தரிக்கோல். வீடு பொண்டாட்டி பெயரில், அது பழைய கதை. கடன் தீர்க்க முடியாததற்குக் காரணம், ஆழிப்பேரலையால் வியாபாரம் அடியோடு அழிந்தது.

"நீங்க ஏதாவது சொல்லணுமாம்மா?" என்று ஜட்ஜ் கேட்டார்.

"ஐயா, அலை வந்தது கிள்ளை பக்கம், பிச்சாவரம் பக்கம். சிதம்பரத்துல எங்க வூட்டுக் கொடியில காஞ்ச துணிகூட நனையல. அலையால இவுருக்கு ஆர்டர்தான் வந்துச்சு."

கோர்ட்டில் சிரித்தார்கள். சபாபதி சிரிக்கவில்லை. வெள்ளை வேட்டியில் பக்தனைப் போல் கைகட்டி நின்றான். ஜட்ஜ் பொறுமையாகச் சொன்னார். இப்போது பார்ப்பது இந்த ஆளால் கடனைக் கொடுக்க முடியுமா முடியாதா என்பது மட்டும்தான். நல்லவனா கெட்டவனா, கணக்கில் பொய் உண்டா என்பதையெல்லாம் பிறகு அவன் கடனிலிருந்து விடுதலை கேட்டு வரும்போது பார்ப்பார்கள்.

அப்போதுதான் அவளுக்கு ஒன்று தெரிந்தது. மஞ்சள் கடுதாசி என்பது முடிவே இல்லை. திவால் என்று கோர்ட்டு ஒத்துக்கொள்ள வேண்டும். அதற்குப் பிறகு அவன் சொத்து முழுக்க ரிசீவர் என்கிற அதிகாரியிடம் போகும். ரிசீவர் அதை விற்று, கடனை நிரூபித்தவர்களுக்குப் பங்கு பிரிப்பார். அதன் பிறகே அவன் விடுதலைக்கு மனுப் போட்டு, கோர்ட்டு சரி என்றால் கடனிலிருந்து வெளியே வரலாம். இவ்வளவு தூரம் ஒரு சடங்கு இருக்க, ஊர் முழுக்க முதல் கடுதாசியைப் பார்த்துவிட்டே எழவு கேட்டுக்கொண்டிருந்தது.

2007 பிப்ரவரியில் சபாபதி திவாலானவன் என்று தீர்ப்பானது. ஒரு வருஷத்துக்குள் விடுதலைக்கு மனுப் போட வேண்டும் என்று தவணை. அன்று சாயங்காலம் அவன் நண்பர்களுக்கு டிபன் வாங்கிக் கொடுத்ததாகப் பச்சமுத்து வந்து சொன்னார்.

ரிசீவர் கடலூரில் இருந்தார். பெயர் ஞானசேகரன். வக்கீல்தான், அறுபதை நெருங்கியவர். மேஜை மேல் கட்டுக் கட்டாகக் காகிதம். மலர்க்கொடி ஒரு நாற்பது பக்க நோட்டைக் கொண்டுபோய் வைத்தாள். ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு துண்டுத் துணி குண்டூசியால் குத்தியிருந்தது. பக்கத்தில் தேதி, எத்தனை செட், வாங்கிக்கொண்டதற்குச் சபாபதியின் கிறுக்கல். நீலக் கட்டம் போட்ட சட்டைத் துணி, காக்கி, மறுபடியும் நீலம்.

ஞானசேகரன் துணியைத் தடவிப் பார்த்தார். "இந்த மாதிரி கணக்கை நான் பார்த்ததில்லம்மா. ஒத்துக்கிறேன். அறுபத்தோராயிரத்து இருநூத்தி நாப்பது."

"கூலிக்காரங்களுக்கு முதல்ல குடுப்பாங்கன்னாங்களே சார்?"

"உண்டு. மனுப் போடறதுக்கு முந்தின நாலு மாசக் கூலிக்கு முன்னுரிமை உண்டு."

"எவ்வளவு?"

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "இருபது ரூபா."

"ஒரு நாளைக்கா சார்?"

"மொத்தமாவே இருபதுதாம்மா. சட்டம் 1920ல போட்டது. யாரும் மாத்தல."

மலர்க்கொடி நோட்டை எடுத்துப் பையில் வைத்தாள். "கடலூர் வந்து போற பஸ்ஸுக்கே பத்தாது சார்," என்றாள்.

"அந்தாளுக்குச் சொத்து எதாச்சும் வர்ற மாதிரி இருந்தா வந்து சொல்லுங்க. விடுதலை வாங்குற வரைக்கும் அவன் கைக்கு எது வந்தாலும் அது ரிசீவருக்குச் சேரணும்."

டேபிள் ஃபேனும் சைக்கிளும் கைக்கடிகாரமும் விற்றதில் ஏலச் செலவுகூடத் தேறவில்லை. கத்தரிக்கோலை அவனிடமே விட்டுவிட்டார்கள், தொழில் கருவி என்று. ஒரு வருஷம் போனது. சபாபதி விடுதலை மனுவுக்கு ஆறு மாத அவகாசம் கேட்டு வாங்கிக்கொண்டான். அவனுக்கு அவசரமில்லை. தெருவில் கலியமூர்த்தி எதிரே வந்தால் "என்னா மச்சான், சௌக்கியமா" என்று இவன்தான் முதலில் கேட்பான். கலியமூர்த்தியும் சௌக்கியம் என்பார். ஒரு லட்சத்து இருபதாயிரத்தைத் தொலைத்தவர் வெட்கப்பட்டுத் தலைகுனிவார், தொலைத்தது வாங்கியவன் பாக்கெட்டில் இருந்தும்.

2008 ஏப்ரலில் சபாபதியின் மகள் ப்ரீத்தி வயசுக்கு வந்தாள். மே மாதம் மண்டபத்தில் சடங்கு. பத்திரிகை கொடுக்கச் சபாபதி பொண்டாட்டியோடு சந்து முழுக்க நடந்தான். நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிய பத்திரிகை. மஞ்சள் கடுதாசி போன அதே ஏழு வீட்டுக்கும் வந்தது.

"கதிரு, குடும்பத்தோட வந்துடணும். என்னா மலரு, கோவத்த மனசுல வெச்சுக்காத. தொழில்னா முன்ன பின்ன இருக்கும்."

"பொண்ணுக்கு ரவிக்கை யாரு தைக்கிறாங்க?" என்றாள் மலர்க்கொடி.

"பாண்டிச்சேரில குடுத்திருக்கு."

"ரொக்கமா?"

சபாபதி சிரித்துக்கொண்டே செருப்பை மாட்டினான்.

அவன் போனதும் கதிர்வேல் பீரோவிலிருந்து மொய் நோட்டை எடுத்தார். அவர்கள் மகள் ரேகாவுக்கு 1994இல் காது குத்தியபோது சபாபதி நூற்றியொரு ரூபாய் எழுதியிருந்தான். "செஞ்சாவணும்," என்றார். "வாங்குன மொய்ய செய்யலன்னா நாளைக்கு நம்ப வூட்டு விசேஷத்துக்கு ஒரு நாய் வராது."

"அவன் நமக்குத் தரவேண்டியது?"

"அது வேற. இது மொய்."

அறுபத்தோராயிரத்துக்குக் கொட்டாவி விட்டவர், நூற்றியொரு ரூபாய்க்குப் பீரோவைக் குடைகிறார். மலர்க்கொடி பத்திரிகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இருபது வருஷமாக ஊர் முழுக்க மொய் எழுதியவன் சபாபதி. அவ்வளவும் ஒரே நாளில் திரும்பும். மறுநாள் காலை முதல் பஸ்ஸில் கடலூர் போனாள்.

ஞானசேகரன் பத்திரிகையைப் படித்தார். "என்னம்மா, எனக்கு அழைப்பா?"

"மொய் வரும் சார். சொத்து வந்தா சொல்லச் சொன்னீங்களே."

அவர் நாற்காலியில் சாய்ந்தார். "இத்தன வருஷத்துல இத ஒருத்தரும் என்கிட்ட கேக்கல," என்றார். பிறகு ஒரு தடிமனான புத்தகத்தை எடுத்தார்.

மண்டபத்தில் மொய் எழுதும் மேஜை வாசலுக்குப் பக்கத்தில் இருந்தது. எழுதுவதற்குச் சபாபதியின் சகலை. ஒவ்வொரு பெயரையும் மைக்கில் வாசித்தார்கள். கடைக் கணக்கில் எழுதக் கூடாததையெல்லாம் எழுதியவன், எழுத வேண்டியதையெல்லாம் விட்டவன் சபாபதி. ஆனால் மொய் நோட்டில் ஒரு புள்ளி பிசகாது. அதற்கென்று புது நோட்டு, முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி.

"நூல் கடை கலியமூர்த்தி, இரண்டாயிரத்து ஒண்ணு!"

கலியமூர்த்தி மைக்கில் தன் பெயரைக் கேட்டு மீசையைத் தடவிக்கொண்டார். நாற்பத்தொரு கடன்காரர்களில் இருபத்தொன்பது பேர் வந்திருந்தார்கள். மலர்க்கொடி எண்ணிக்கொண்டே இருந்தாள். கோர்ட்டுக்குக் கூப்பிட்டபோது கூசியவர்கள், திவாலானவன் வீட்டில் வரிசையில் நின்று பணம் கட்டினார்கள். ஐநூற்றொன்று, ஆயிரத்தொன்று. பந்தியில் உட்கார்ந்து பாயசம் போதவில்லை என்று பேசினார்கள்.

மலர்க்கொடி மேஜைக்குப் போனாள். ஒரு நூறு, ஒரு இருபது, ஒரு ரூபாய் காசு வைத்தாள். "கதிர்வேல், டைம் கீப்பர், நூத்தி இருபத்தொண்ணு!" வாங்கியதைத் திருப்பி, மேலே கொஞ்சம் போட்டு எழுதினால் அந்த மேல்தொகை புதுக்கடன். இருபது ரூபாய்க்குச் சபாபதி இனி அவளுக்குக் கடன்பட்டவன்.

"என்னா கணக்குடி இது?" என்றார் கதிர்வேல்.

"சட்டம்," என்றாள்.

கடைசிப் பந்தி முடியும்போது ஞானசேகரன் வந்தார். கூட கோர்ட்டு அமீனா. சாப்பிடச் சொன்னார்கள், வேண்டாம் என்றார். மேஜைக்கு எதிரே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"சபாபதி, நீங்க இன்னும் விடுதலை வாங்கல. இந்தப் பணம் ரிசீவர் கணக்குல சேரணும். உத்தரவு இந்தாங்க."

சபாபதிக்குச் சந்தனம் பூசிய முகம் வேர்த்தது. "சார், மொய் எப்புடி சார் சொத்தாவும்? நாளைக்கு அவுங்க வூட்ல ஒண்ணுன்னா நான் திருப்பிச் செய்யணும். இது கடன் சார்!"

சுற்றி நின்றவர்கள் ஆமாம் என்றார்கள். கலியமூர்த்தி முன்னால் வந்தார். "கடன்தான் சார். ஊருக்கே தெரியும். அவன் மேல தப்பில்ல."

"கடனா?" ஞானசேகரன் பேனாவைத் திறந்தார். "திவாலானவன், நான் திவாலானவன்னு சொல்லாம அம்பது ரூபாயோ அதுக்கு மேலயோ கடன் வாங்குனா ஆறு மாசம் வரைக்கும் ஜெயில். முன்னூத்திச் சொச்சம் பேரு எழுதியிருக்காங்க. அத்தன பேருகிட்டயும் சொல்லிட்டா வாங்குனீங்க? கடன்னு எழுதிக்கட்டுமா?"

மைக்கை அணைக்க யாருக்கும் தோன்றவில்லை. அவர் பேச்சு பந்தி வரைக்கும் கேட்டது. மேடையில் ப்ரீத்தி மாலையோடு எழுந்து நின்றாள். பாண்டிச்சேரி ரவிக்கை தோளில் ஏறியிருந்தது. கையை இன்னும் அரை இஞ்ச் இறக்கி வெட்டியிருக்க வேண்டும் என்று நினைத்தாள் மலர்க்கொடி. வேறு எதையும் அந்தப் பெண்ணின் முகத்தில் அவள் பார்க்க விரும்பவில்லை.

சபாபதி மொய்ப் பணம் குவிந்திருந்த பித்தளைத் தட்டைப் பார்த்தான். பிறகு வக்கீலைத் தேடினான். வக்கீல் ஐநூற்றொன்று எழுதிவிட்டு அப்போதே போய்விட்டிருந்தார்.

"அன்பளிப்பு சார்," என்றான்.

அமீனா எண்ணினார். இரண்டு லட்சத்து எழுபத்தோராயிரத்துச் சொச்சம். மொய் நோட்டையும் ஒரு பிரதிக்காக எடுத்துப் போனார்கள். அதற்குத்தான் சபாபதி உண்மையாகவே கண்ணைத் துடைத்தான்.

ஞானசேகரன் ஒழுங்கான மனிதர். பணத்தைப் பிரிப்பதற்கு முன்னால், மனுவில் பெயரிருந்து இதுவரை கடனை நிரூபிக்காத எல்லாருக்கும் கடைசியாக ஒரு நோட்டீஸ் அனுப்பினார். இன்ன தேதிக்குள் வந்து நிரூபித்தால் பங்கு உண்டு. மலர்க்கொடி கலியமூர்த்தி கடைக்கே போய்ச் சொன்னாள். நீங்களும் வந்தால் என் பங்கு குறையும் என்பதையும் சொன்னாள்.

"அண்ணே, ஒரு பேப்பர் எழுதிக் குடுத்தா போதும். உங்களுக்கும் கொஞ்சம் வரும்."

கலியமூர்த்தி நோட்டீஸை அவள் கண் முன்னால் கிழித்தார். "செஞ்ச மொய்ய திருப்பி வாங்கித் திங்கறவன் மனுசனா? நீ வேணா திங்கலாம். தட்டுல கை வெச்சவதான நீ?"

முப்பத்தெட்டு பேரில் ஒருவர்கூடப் போகவில்லை. ஏமாந்த ஒரு லட்சத்து இருபதாயிரத்தைவிட, எழுதிய இரண்டாயிரத்து ஒன்றின் கௌரவம் அவர்களுக்குப் பெரிதாக இருந்தது. அவர்கள் அப்படிக் கௌரவமாக இருந்ததால் பேங்க்குக்கு முழுப் பணமும் வந்தது. பச்சமுத்துவுக்கு முழுப் பணமும் வந்தது. 2009 மார்ச்சில் மலர்க்கொடிக்குச் செக் வந்தது. கூட வந்த தாளில் இரண்டு வரி. முன்னுரிமைக் கூலி ரூபாய் 20. மீதிக் கடன் ரூபாய் 61,220. செலவும் கமிஷனும் போக மிஞ்சிய ஆயிரத்து நூற்றுச் சொச்சத்தைச் சபாபதியிடமே திருப்பிக் கொடுத்தார்கள், சட்டப்படி. அடுத்த சில மாதங்களில் அவனுக்கு விடுதலையும் கிடைத்தது. பொண்டாட்டி பெயரில் மறுபடி கடை திறந்தான். கலியமூர்த்தி நூல் கொடுத்தார்.

மலர்க்கொடி சங்கிலியை மீட்டாள். வட்டி போக மிச்சத்தில் ஒரு ஓவர்லாக் மிஷின் வாங்கினாள். சந்தில் அவளுக்கு ஒரு பெயர் வைத்தார்கள். ரிசீவரம்மா. தண்ணீர்க் குழாயடியில் அவள் குடம் வைத்தால் பேச்சு நிற்கும். அவள் குடத்தை நிரப்பிக்கொண்டு, பேச்சு தொடங்கும்வரை வேண்டுமென்றே கொஞ்ச நேரம் நிற்பாள்.

ஊர் பேசிய இன்னொன்று சபாபதியின் பெருந்தன்மை. கோர்ட்டு அள்ளிக்கொண்டு போன மொய்யை அவன் ஒவ்வொரு வீடாகத் திருப்பிச் செய்துகொண்டிருந்தான். பண்ருட்டியில் கல்யாணம் என்றால் பண்ருட்டி, நெல்லிக்குப்பத்தில் காதுகுத்து என்றால் நெல்லிக்குப்பம். கைக்கு வராத பணத்தை, ஒரு ரூபாய் குறையாமல், மேலே போட்டு எழுதினான். அவனைப் போல் நாணயமான ஆளைப் பார்க்க முடியாது என்று கலியமூர்த்தி எல்லாரிடமும் சொன்னார். அவருக்கு இரண்டாயிரத்து ஐநூற்றொன்று வந்திருந்தது.

2012 ஆவணியில் ரேகாவுக்குக் கல்யாணம். யாரும் வரமாட்டார்கள் என்று கதிர்வேல் பயந்தார். எல்லாரும் வந்தார்கள். கதிர்வேல் எழுதிய மொய் எல்லார் நோட்டிலும் இருந்தது. மலர்க்கொடியிடம் பேசாமல் எழுதினார்கள், பேசாமல் சாப்பிட்டார்கள், அவள் தைத்த தாம்பூலப் பையைப் பேசாமல் வாங்கிக்கொண்டார்கள்.

மத்தியானம் சபாபதி வந்தான். கொஞ்சம் நரைத்திருந்தான். அவள் பக்கம் திரும்பாமல் நேராக மேஜைக்குப் போய் ஒரு ஐம்பது ரூபாய்த் தாளும் ஒரு ரூபாயும் வைத்தான். எழுதியது பச்சமுத்து.

"அம்பத்தொண்ணா?" என்றார் பச்சமுத்து.

"அவுங்களுது இருபது நம்ப நோட்டுல நிக்கிது. வெச்சிருந்தா தூக்கம் வராது," என்றான் சபாபதி.

அருகில் நின்ற மலர்க்கொடிக்கு அது கேட்டது. அவன் சாப்பிட்டுவிட்டுப் படி இறங்கிப் போகும்வரை பார்த்துக்கொண்டே நின்றாள்.

"மாமா," என்றாள் கதிர்வேலிடம், "அந்த ஆயிரத்து எண்ணூத்தி எழுவது செட்டையும் மொய்யினு எழுதியிருந்தா அன்னிக்கே குடுத்திருப்பான்."

"சும்மா இரு, சம்பந்தி காதுல வுழப் போவுது," என்றார் கதிர்வேல். பிறகு குரலைத் தாழ்த்தினார். "அவன் பொண்ணுக்கு நிச்சயமாம். தை மாசம் கல்யாணம். முப்பத்தொண்ணு கூட எழுதியிருக்கான், நாம செய்யணும்."

மலர்க்கொடி நோட்டை வாங்கி அந்த வரியைப் பார்த்தாள். பச்சமுத்துவின் கையிலிருந்து பேனாவை எடுத்து, சபாபதியின் பெயருக்கு நேராக, ரவிக்கைக்கு அளவு குறிப்பதுபோல் சின்னதாக எழுதினாள்: முப்பத்தொன்று, அதற்குமேல் ஒரு பைசா கிடையாது.